எழுப்புதல் ஜெபம்

எழுப்புதல் ஜெபம்: திருச்சபையின் ஆன்மிகப் புத்துயிருக்காக விசுவாசிகள் உடன்பட்டு, விடாது தொடரும் கூட்டு மன்றாட்டு. அப்போஸ்தலர் 1:14, 2 நாளாகமம் 7:14 ஆகிய வசனங்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன.

வரலாறு: ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் 1727இல் மணிநேரங்களைப் பகிர்ந்து முறைவைத்துத் தொடங்கிய ஜெபம் ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1747இல் சபைகளை ஒருமித்த ஜெபத்துக்கு அழைத்து நூல் எழுதினார். அதன் தூண்டுதலால் 1784இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பாப்டிஸ்டுகள் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை ஜெபநாளாக்கினர்.

தமிழர் நடுவில்: 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகளின் மாதாந்த ஜெபக்கூட்டம் இவ்வழக்கத்தைச் சேர்ந்தது. 1824இல் தெல்லிப்பழை உள்ளிட்ட மிஷன் நிலையங்களின் விடுதிப் பள்ளிகளில் எழுப்புதல் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனை ஒட்டி எழுந்த எழுப்புதலில் உள்ளூர் ஊழியரே முன்னின்றனர்.

கிழக்கிலங்கை: 1814இல் மட்டக்களப்புக்கு வந்த உவெஸ்லிய மிஷனரி வில்லியம் ஆல்ட் மறுஆண்டே இறந்தார்; ஆயினும் மிஷன் பணி தொடர்ந்து தெற்கே கல்முனைவரை பரவியது. இந்துக்களும் முஸ்லிம்களும் பெருமளவில் வாழும் இக்கரையில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர்.

நடைமுறை: உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், நேரம் பிரித்து ஏற்கும் சங்கிலி ஜெபம் ஆகியவை தமிழ்ச் சபைகளில் பரவலான வடிவங்கள். குறித்த நேரம், பொறுப்பாளர் வரிசை, மன்றாட்டுப் பட்டியல் ஆகியவை தொடர்ச்சிக்கு உதவுகின்றன.