சவ்வாது மலையிற் சிறுகோள் ஆராய்ச்சி

வானினின்று வீழும் ஒளியைக் கண்டு அஞ்சுதல் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்று 229ஆம் பாட்டில், விண்மீன் ஒன்று வீழக் கண்ட கூடலூர் கிழார் தம் அரசனாகிய சேரமான் யானைக்கட்சேஎய்க்குத் தீங்கு நேருமோ என அஞ்சுகின்றார். ஏழாம் நாள் அவன் துஞ்சினான். அப்பாட்டு அச்சத்தை மட்டும் கூறி அமையவில்லை. பங்குனித் திங்களையும் அன்றிரவு மீன்கள் நின்ற நிலைகளையும் நுட்பமாகக் குறிக்கின்றது. அஞ்சியவரே நோக்கியும் குறித்தனர். இக்குறிப்பு எவ்வாறு கணிப்பாக வளர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திற்கு 1861இல் தலைமை ஏற்றவர் நார்மன் இராபர்ட் போக்சன். அவ்வாண்டு ஏப்ரல் 17இல் அவர் கண்ட சிறுகோள், ஆசியாவிற் கண்டறியப்பட்ட முதற் சிறுகோளாதலின், 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. 1885இல் 'வேரா' ஈறாக மேலும் நான்கினை அவர் சென்னையிற் கண்டார்.

இடையே 1872இல் நிகழ்ந்ததொன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1846இல் இரண்டாகப் பிளவுண்ட பீலா வால்வெள்ளி, 1852க்குப் பின் காணப்படவில்லை. 1872 நவம்பர் 27இல் அதன் பாதையைப் புவி கடந்தபொழுது எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. செருமனியின் கெட்டிங்கனிலிருந்த கிளிங்கர்ஃபூசு என்பார், வால்வெள்ளி புவியைத் தீண்டிச் சென்றதெனக் கருதி, எதிர்த்திசையில் தென்வானத்தே தேடுமாறு போக்சனுக்குத் தந்தி விடுத்தார். டிசம்பர்த் தொடக்கத்தில் இரு நாள் வைகறையில் போக்சன் அங்கு ஒரு வால்வெள்ளியைக் கண்டார். பின்னர் முகில் மறைத்தது.

ஒரு பொருளின் ஒழுக்கினை வரையறுக்க ஆறு அளவுகள் வேண்டும். ஒரு நாட்காட்சி இரண்டே அளவு தரும். ஆகலின் மூன்று காட்சிகளேனும் இன்றியமையாதன. மூன்றாவது வாய்க்காமையால் போக்சன் கண்டது எவ்வழிச் சென்றதென வரையறுக்க இயலாதாயிற்று. அது பீலா அன்று என்பதே பிற்கால ஆய்வாளர் துணிபு.

இம்மரபு சவ்வாது மலையில் மீண்டும் தழைத்தது. கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரை வைணு பாப்பு தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி அங்குப் பணி தொடங்கிற்று. நகர் விளக்கொளி அணுகாமையும், தென்வானின் பெரும்பகுதி புலனாதலும் அவ்விடத்தின் சிறப்புகள். 1986இல் அவ்வாய்வகம் அவர் பெயரைப் பெற்றது.

1980களின் பிற்பகுதியில் இரா. இராசமோகன் அங்கு நடத்திய சிறுகோள் தேடலுக்குக் 'கல்கி' எனப் பெயரிட்டனர். ஊழி முடிவில் தோன்றுவதாகப் புராணம் கூறும் அவதாரத்தின் பெயர், அழிவை முன்னறிய முயலும் பணிக்கு அமைந்தமை பொருத்தமேயாம். அகன்ற வான்பரப்பைச் சுமிட்டு தொலைநோக்கியாற் படம்பிடித்து, கால இடையிட்டு எடுத்த படங்களை ஒப்பிடுவர்; விண்மீன்கள் நிலைபெறச் சிறுகோள் மட்டும் இடம்பெயர்ந்து தோன்றும். 1988 பிப்ரவரி 17இல் இவ்வாறு கிடைத்ததே 4130 என்னும் எண் பெற்ற 'இராமானுசன்'. அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உழல்வது, நமக்குத் தீங்கற்றது. வேராவிற்கும் இதற்கும் இடையே 103 ஆண்டுகள் கழிந்தன. எண் பெறுதல் என்பது ஒழுக்கு உறுதிப்பட்டது என்பதற்குச் சான்று. போக்சனின் வால்வெள்ளி அடையாதது இதுவே.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 2004இல் கண்ட அப்போபிசு சிறுகோள், 2029இல் புவியைத் தாக்கக்கூடுமென அவ்வாண்டு டிசம்பரில் நூற்றுக்கு 2.7 அளவில் ஐயுற்றனர். மேலும் அளந்தபின் அவ்வையம் நீங்கிற்று. 2029 ஏப்ரல் 13இல் அது நிலப்பரப்பினின்று ஏறத்தாழ 32,000 கி.மீ. தொலைவிற் கடக்குமெனக் கணித்துள்ளனர். மாறாக, 2013 பிப்ரவரி 15இல் இரசியாவின் செல்யாபின்சுக்கு வானில் வெடித்த கல், கதிரவன் திசையினின்று வந்தமையால் எவர் கண்ணிலும் முன்னர்ப் படவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

எனவே, கண்டது மட்டும் காப்பாகாது. மீண்டும் மீண்டும் கண்டு அளத்தலே காப்பாம். கூடலூர் கிழார்க்கு ஓர் இரவும், போக்சனுக்கு இரு வைகறைகளுமே வாய்த்தன. காவலூரில் வாய்த்தது தொடர்ந்த நோக்கு. அந்நோக்கிற்கு இருண்ட வானம் வேண்டும். சவ்வாது மலையின் இருளைக் காத்தலும் இவ்வாராய்ச்சியின் ஒரு கூறே என்பது தெளிவு.