ஒளியை நிறுக்கும் எடைக்கற்கள்



பால் நிறுக்கும் கொட்டகையில் தராசைப் பற்றிச் சச்சரவு எழாத தோட்டம் உண்டா? கிராணியார் எழுதும் கணக்கு ஒன்று. வெட்டுக்காரர் மனத்தில் போட்டு வைத்திருக்கும் கணக்கு வேறொன்று. சண்டை முற்றினால் எடை தெரிந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து தட்டில் வைக்கிறார்கள். தராசு மெய் சொல்கிறதா பொய் சொல்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பொருளை நிறுக்கும் கருவிக்குக் கல் உண்டு. ஒளியை அளக்கும் கருவிக்கு எந்தக் கல்லை வைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று நாம் காணவிருக்கிறோம்.

ஒளியை எதற்காக அளக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களில் மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் இரத்தம் வற்றி வாடியதை நாம் அறிவோம். ஒருவர் உடலில் இரத்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்பதை மருத்துவர்கள் அதன் சிவப்பு நிறத்தைக் கொண்டே கணித்தார்கள். நிறம் என்பது ஒளிதானே!

1878-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கவர்ஸ் என்னும் மருத்துவர், சாயம் கலந்த ஜெல்லியை ஒரு சிறு குழாயில் அடைத்து, அதன் நிறத்தோடு நீர் கலந்த இரத்தத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை உருவாக்கினார். 1901-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் சாயத்தைக் கைவிட்டு, மாட்டு இரத்தத்தையே கார்பன் மோனாக்சைடு வாயுவில் ஊட்டிக் குழாயில் அடைத்தார். அந்த வாயு கலந்த இரத்தம் நெடுநாள் நிறம் மாறாமல் இருக்கும். சுவிட்சர்லாந்தின் சாலி, இரத்தத்தோடு அமிலத்தைச் சேர்த்துப் பழுப்பு நிறமாக்கி ஒப்பிட்டார். மூவரும் அறிஞர்களே. ஆனால் மூவருடைய அளவுகோலும் ஒன்றல்ல!

இரத்தச் சத்தை விழுக்காட்டில் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நூறு விழுக்காடு என்றால் எவ்வளவு? ஹால்டேன் அளவுகோலில் நூறு என்பது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 13.8 கிராம் ஹீமோகுளோபின் என்று முதலில் கொள்ளப்பட்டது. 1940-களில் பிரிட்டனில் மறுபடி அளந்து 14.8 கிராம் என்று திருத்தினார்கள். சாலி கருவிகள் சிலவற்றிலோ நூறு என்பது 17 கிராமுக்கும் சற்று மேல். 10 கிராம் சத்துள்ள ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். ஒரு கருவி அவருக்கு 68 விழுக்காடு என்னும். மற்றொன்று 58 என்னும். பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது எந்த எண்ணை நம்புவது? பத்து விழுக்காட்டு வேறுபாடு அவர் உடலில் இல்லை, கருவியில் இருந்தது.

கண்ணை நம்பாமல் கருவியையே நம்பும் காலம் அடுத்து வந்தது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்னல்ட் பெக்மன் என்பவரின் நிறுவனம் டி.யு. என்ற பெயரில் ஒரு நிறமாலை ஒளிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்று ஆய்வுக்கூடங்களில் சொல்லப்படுவது இதுதான். வெள்ளொளியை முப்பட்டகம் வானவில்லாகப் பிரிக்கும். அதிலிருந்து வேண்டிய ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு கண்ணாடிக் கலத்தில் இருக்கும் கரைசலின் வழியே செலுத்துவார்கள். எவ்வளவு ஒளி மறுபுறம் வந்து சேர்கிறது என்று மின்கண் ஒன்று அளந்து சொல்லும். கரைசல் அடர்த்தியானால் ஒளி குறையும். இந்த உண்மையை பூகேர் 1729-இலும் லாம்பர்ட் 1760-இலும் பீர் 1852-இலும் படிப்படியாக வகுத்து வைத்திருந்தார்கள். மீனெண்ணெயில் எவ்வளவு வைட்டமின் ஏ உண்டு என்றறிய, அதுவரை எலிகளுக்கு வாரக்கணக்கில் ஊட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. டி.யு. கருவி அதைச் சில நிமிட வேலையாக்கிற்று. 1976 வரை இவ்வகைக் கருவிகள் முப்பதாயிரத்துக்கும் மேல் விற்றன.

முள் நின்ற இடத்தில் எண் கிடைத்தது. எண்ணைக் கண்டதும் மனிதனுக்கு ஒரு பயபக்தி வந்துவிடுகிறது! ஆனால் கருவி 540 என்று காட்டும் நிறம் உண்மையில் 540 நானோமீட்டர்தானா? பாதி ஒளி கடந்தது என்று அது சொன்னால் பாதிதான் கடந்ததா? ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறு. அந்த அளவில் பிசகினால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கருவிக்கு உள்ளே ஒரு திருகு சற்றுத் தளர்ந்தாலே போதும், ஆய்வுக்கூடம் முழுவதும் தவறான விடையை எழுதிக்கொண்டே போகும்.

இரத்தத்தைப் பொறுத்தவரை நெதர்லாந்து நாட்டவரான வான் கம்பனும் சைல்ஸ்ட்ராவும் 1961-இல் ஒரு நல்ல வழியைச் செப்பனிட்டார்கள். இரத்தத்தைச் சயனைடு கலந்த கரைசலில் இட்டால், ஹீமோகுளோபின் நிலையான ஒரே நிறப்பொருளாக மாறி, 540 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். அதனைச் சிறு குப்பிகளில் அடைத்துக் குளிரிலும் இருட்டிலும் வைத்தால் ஆண்டுக்கணக்கில் மாறாது. இரத்தவியலுக்கான அனைத்துலகத் தரக்குழு 1967-இல் இம்முறையை உலகுக்குப் பரிந்துரைத்தது. இப்படி, இரத்தத்துக்கென்று உலகம் முழுவதற்கும் ஒரே கல் கிடைத்தது. இனி ‘நூறு விழுக்காடு’ என்ற பேச்சு வேண்டாம், கிராமில் சொல்லலாம்.

இருப்பினும் இது ஒரு பொருளுக்கு மட்டும் உரிய கல். கருவியையே சோதிக்கும் கல் எங்கே?

அந்தத் தேடலில் முன்னின்றது என்.பி.எஸ். எனப்பட்ட அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம். 1901-இல் தொடங்கப்பட்ட இக்கழகம், 1906-ஆம் ஆண்டு முதல் வார்ப்பிரும்பு மாதிரிகளை இன்ன கலவை என்று அளந்து வார்ப்பாலைகளுக்கு அளித்து வந்தது. சான்றிதழோடு பொருளை விற்கும் வழக்கம் இப்படி இரும்பில் பிறந்து, பின்னர் ஒளிக்கும் வந்தது. அங்குப் பணியாற்றிய ஜெரால்டின் ஹாப்ட் என்ற அம்மையார், பொட்டாசியம் குரோமேட் என்னும் மஞ்சள் உப்பைக் காரநீரில் குறிப்பிட்ட அளவு கரைத்தால், புறஊதா ஒளியை எந்தெந்த இடத்தில் எவ்வளவு கடத்தும் என்று அளந்து 1952-இல் வெளியிட்டார். உப்பும் தராசும் உள்ள எவரும் தாமே செய்துகொள்ளக்கூடிய கல் இது.

1971-இல் இக்கழகம் மூன்று சாம்பல்நிறக் கண்ணாடித் துண்டுகளை ஒரு தொகுதியாக வெளியிட்டது. அதன் எண் 930. ஒன்று ஏறக்குறைய 10 விழுக்காடு ஒளியையும், ஒன்று 20 விழுக்காட்டையும், ஒன்று 30 விழுக்காட்டையும் கடத்தும். சாம்பல் நிறத்தை ஏன் தேர்ந்தார்கள்? அது எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குறைக்கும். ஆகவே நிறத்தில் கருவி சற்றுப் பிசகினாலும், அளவைச் சோதிப்பதில் அந்தப் பிசகு வந்து கலக்காது. ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியே ஐந்து நிறங்களில் அளக்கப்பட்டுத் தனிச் சான்றிதழ் பெற்றது. விரல் பட்டால் அளவு மாறும் என்பதால் உலோகச் சட்டத்தில் பொருத்தி அனுப்பினார்கள். கண்ணாடியின் மேற்பரப்பும் காலப்போக்கில் மாறும் என்பதால் மீண்டும் அளப்பதற்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்தக் கண்ணாடியை அளந்த கருவியை யார் அளந்தார்?” என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நமக்கு வருத்தமே. ரடு மாவ்ரோதினியானு என்ற அறிஞர் அக்கழகத்தில் அமைத்த உயர்துல்லியக் கருவி இக்கேள்விக்கு வெகு எளிய விடையை வைத்திருந்தது. ஒளியின் பாதையில் இரண்டு துவாரங்களுள்ள தகடு ஒன்றை வைத்தார்கள். முதல் துவாரத்தை மட்டும் திறந்து அளந்தார்கள். அதை மூடி இரண்டாவதைத் திறந்து அளந்தார்கள். பின்பு இரண்டையும் ஒருசேரத் திறந்து அளந்தார்கள். மின்கண் நேர்மையானது என்றால் மூன்றாவது எண் முதல் இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு குறைகிறதோ கூடுகிறதோ, அதுவே கருவியின் பிழை. அதைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். வேறு கல்லே தேவையில்லை. கூட்டல் கணக்கே கல்லாகிவிட்டது. முதலாம் வகுப்புப் பாடம் இவ்வளவு உயரம் சென்றதை நினைத்து நாம் வகுப்பில் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

இனி நிறத்தின் இடம் சரியா என்ற கேள்வி. டிடிமியம் கலந்த கண்ணாடி முதலில் பயன்பட்டது. தனிமம் என்று நெடுநாள் கருதப்பட்ட டிடிமியத்தை, 1885-இல் ஆவர் என்ற ஆஸ்திரியர் இரண்டு தனிமங்களாகப் பிரித்துக் காட்டினார். கண்ணாடி ஊதுவோர் சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தைத் தடுக்க அணியும் கண்ணாடியும் இதுவே. இதைவிடச் சிறந்தது ஹோல்மியம். இத்தனிமத்தை 1878-இல் ஜெனீவாவில் சோரே, டெலாஃபோன்டேன் ஆகியோர் கண்டறிந்ததே, அது ஒளியில் விழச்செய்த கரிய பட்டைகளைக் கொண்டுதான். மறு ஆண்டில் சுவீடன் அறிஞர் கிளேவேயும் தனியே கண்டு, ஸ்டாக்ஹோம் நகரின் பெயரை அதற்கு இட்டார்.

ஹோல்மியத்தின் பட்டைகள் குறுகியவை. அவற்றை உண்டாக்கும் எலெக்ட்ரான்கள் அணுவின் உட்புறத்தில், வெளிச் சூழலின் தொந்தரவுக்கு எட்டாமல் ஒளிந்திருக்கின்றன. அதனால் பட்டைகள் இடம்விட்டு அதிகம் நகர்வதில்லை. கண்ணாடியில் கலந்தால் அந்தக் கண்ணாடியின் கலவைக்கேற்பச் சற்று நகரும். பெர்க்ளோரிக் அமிலத்தில் கரைத்தால் அந்தக் குறையும் நீங்கும். 1980-களில் என்.பி.எஸ். இக்கரைசலைக் குவார்ட்ஸ் கலத்தில் நிரப்பி, வாயை உருக்கி மூடி, 2034 என்ற எண்ணில் விற்றது. 241, 361, 536, 640 நானோமீட்டர்களுக்கு அருகில் உள்ளவை உட்பட அதில் 14 பட்டைகளுக்குச் சான்று உண்டு. 1988-இல் கழகத்தின் பெயர் நிஸ்ட் என்று மாறிய பின்னும் பணி தொடர்ந்தது.

ஆயினும் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் அமெரிக்காவிலிருந்தே கல்லை வாங்க வேண்டுமா? விலை கொடுக்க இயலாத நாடுகள் என்ன செய்யும்? பல நாடுகளின் அளவை நிலையங்கள் தத்தம் கருவிகளில் ஹோல்மியக் கரைசலை அளந்து, விடைகளை ஒன்றுகூட்டின. முடிவு 2005-இல் வெளியாயிற்று. குறித்த அளவு ஹோல்மியம் ஆக்சைடைக் குறித்த அமிலத்தில் கரைப்பவர் எந்த நாட்டவராயினும் அந்தப் பட்டைகளின் இடங்களைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே அம்முடிவு. அன்று முதல் இந்தக் கல்லை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, உள்ளூரிலேயே கரைத்துக்கொள்ளலாம்.