மாந்தோப்பில் நின்ற காமெட்

என் வயதுக்காரர்களிடம் "காமெட்" என்று சொன்னால் வால்நட்சத்திரம் ஞாபகம் வராது, லாரிதான் வரும். ஹாலியின் வால்நட்சத்திரம் 76 வருடத்துக்கு ஒரு முறை வந்து போகும். இந்தக் காமெட்டோ தினமும் கிருஷ்ணகிரி மேட்டில் உறுமிக்கொண்டு ஏறியது.

1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் கார்களை. அசோக் என்பது அவருடைய மகன் பெயர். லாரிதான் நாட்டுக்குத் தேவை என்று இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு பேச்சு நடத்தியவரும் அவரே. ஆனால் எல்லாம் கைகூடி வருமுன் விமான விபத்தில் இறந்துபோனார். 1951-ல் எண்ணூரில் பூட்டிய முதல் நான்கு லேலண்ட் சேஸிகளும் காமெட் டிப்பர்கள்தாம். அவற்றை வாங்கியது மங்களூரில் ஓர் ஓட்டுத் தொழிற்சாலை! 1955-ல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1963 வாக்கில் காமெட் ஓடாத மாநில அரசுப் போக்குவரத்து நிறுவனமே இல்லை. 8,000-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன.

ஓசூரில் அவர்களுடைய தொழிற்சாலை 1980-ல் வந்தது. அதற்கு முன்பே இந்தப் பக்கத்து மாங்காயும் கருங்கல்லும் தக்காளியும் காமெட்டில்தான் போயின. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் மணிக்கணக்காக நின்ற லாரி வரிசை, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஓசூருக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. அந்த வரிசையில் பாதி வண்டி எஞ்சினை அணைக்காது. அணைத்தால் மறுபடி எடுக்குமோ எடுக்காதோ, பேட்டரி அந்த லட்சணத்தில் இருக்கும்.

நான் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சூளகிரிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருடைய அப்பா ஓட்டிய அறுபதுகளின் காமெட், இருபது வருடத்துக்கு மேலாக மாமரத்தடியில் நிற்கிறது. கிலோ கணக்கில் எடைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறார். "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சத்தம் கேட்கணும் சார்" என்றார். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியவர், இஞ்சு ஸ்பேனர் செட் இன்னும் வைத்திருக்கிறார். அது முக்கியம். பழைய காமெட்டின் நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்காது, முனை மழுங்கிவிடும். எஞ்சின் பெயரே அங்குலக் கணக்குதான்: காமெட் 350 என்றால் 350 கன அங்குலம், ஏறக்குறைய ஐந்தே முக்கால் லிட்டர்.

பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி செல்ஃப் அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பாய் அதைக் கிட்டேயே விடவில்லை. ஆறு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி மூன்று நாள் விட்டோம். ரிங்கு லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பலவந்தம் செய்தால் ரிங்கு உடையும். நான்காம் நாள் கிராங்க் நட்டில் நீளமான பாரைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். ஒரு விரல்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். மதியத்துக்குள் முழுச் சுற்று வந்தது. ராக்கர் மூடியைத் திறந்து பார்த்ததில் இரண்டு வால்வு மேலே வராமல் சிக்கியிருந்தது. அதைக் கவனிக்காமல் செல்ஃப் அடித்திருந்தால் புஷ் ராடு வளைந்திருக்கும். சம்பில் முதலில் வந்தது தண்ணீர், அப்புறம்தான் ஆயில். ஏர் கிளீனருக்குள் எலிக் குடும்பம் ஒன்று குடியிருந்த அடையாளம்.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அழுத்தும்போது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியது இதைத்தான். காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு சொட்டு எரிபொருள். இந்த மூன்றும் கிடைத்தால் இருபது வருடத் தூக்கம் ஒரு பொருட்டே அல்ல. இன்றைய பி.எஸ். 6 லாரி அப்படி நின்றால் கம்ப்யூட்டர், சென்சார், யூரியா லைன் என்று ஒவ்வொன்றும் தனி வழக்கு. அதற்காகப் பழசுதான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். காமெட் கக்கிய புகையை நானும் சுவாசித்தவன்.

அந்த ஒரு சொட்டை அளந்து கொடுக்கும் பம்பில்தான் ஆபத்து. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி தலைமுடியில் பல பங்கு குறைவு. பழைய டீசல் பிசினாகி ரேக் "ஃபுல்" நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன எஞ்சினை நிறுத்தவே முடியாது. வேகம் ஏறி ஏறிச் சிதறிவிடும். அதனால் பம்பைக் கழற்றி, 1951-ல் மைகோ கம்பெனி தொடங்கிய பெங்களூருக்கே கொண்டுபோய்ச் சுத்தம் செய்து வாங்கி வந்தோம். அப்படியும் பாய் ஒரு பலகையோடு காற்றுக் குழாய் வாய் அருகிலேயே நின்றார். காற்றை அடைத்தால் டீசல் எஞ்சின் செத்துவிடும்.

ஏர் எடுத்து, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் முள் அசையும் வரை செல்ஃபில் சுற்றினோம். பிறகு லிவரை விட்டோம். முதலில் இரண்டு சிலிண்டர் மட்டும் இருமியது. தோப்பு முழுக்க வெள்ளைப் புகை. நான்கு பிடித்தது, ஐந்து, கடைசியில் ஆறும் சேர்ந்துகொண்ட அந்த உறுமல்! நண்பரின் அம்மா வீட்டிலிருந்து வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. பாய் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

நண்பர் எடைக்குக் கேட்டவரை அனுப்பிவிட்டார். பிறகுதான் சட்டத்தைப் புரட்டினோம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது: 20,000 ரூபாய் கட்டினால் "வி.ஏ." எழுத்தோடு விண்டேஜ் பதிவு எண். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டுமே. ஜமீன்தார் வைத்திருந்த கார் விண்டேஜ். அவருடைய நெல்லைச் சுமந்த லாரி விண்டேஜ் இல்லை. இதை எழுதியவர்களுக்கு லாரி என்பது நினைவிலேயே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதைக்குக் காமெட் தோப்பு வேலிக்குள்ளேதான் ஓடுகிறது. மாதம் ஒருமுறை பத்து நிமிடம். பின்பக்க டயர் நான்கும் மாற்ற வேண்டும், அந்த அளவில் தேடிக்கொண்டிருக்கிறோம்.