பிலிம் கமராவில் இயல்பான குடும்பப் படம் எடுப்பது எப்படி?

வீட்டில் ஒருவர் இறந்த பிறகுதான் பலர் அவருடைய நல்ல படமொன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். கிடைப்பது அநேகமாக அடையாள அட்டைப் படம், அல்லது கலியாண வீட்டுக் கூட்டத்தில் இருந்து வெட்டியெடுத்த முகம். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்களிடம் அதுவும் இல்லை. குடும்பப் படங்களை நான் இன்றும் பிலிமில் எடுக்கிறேன். பத்திரமாக வைத்தால் கையில் நிற்கும் நெகட்டிவ் அதற்கு முதற்காரணம்.

35 மி.மீ. சுருளில் 24 அல்லது 36 படங்கள்தான். எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. எனவே கமரா வேலை முழுவதையும் ஆட்கள் வந்து அமர முன்னரே முடித்துவிடுங்கள். நீங்கள் கமராவோடு மல்லுக்கட்டினால் எதிரில் இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள்.

பிலிம்

ஐ.எஸ்.ஓ 400 நெகட்டிவ் பிலிம் இதற்குப் பொருத்தமானது. வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதானால் கைப்பையில் வைத்து, விமான நிலையத்தில் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். புதிய சி.ரி. ஸ்கானர்கள் கழுவாத பிலிமைப் பழுதாக்கும். வீட்டில் காற்றுப் புகாத பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாவிக்கும் நாளில் சில மணி நேரம் வெளியே வைத்த பின்னரே பையைத் திறவுங்கள். இல்லாவிட்டால் பிலிமில் ஈரம் படியும். சுருளைப் பூட்டியதும் லீவரை இழுத்துப் பாருங்கள். இடப்பக்கத்து மீள்சுற்றும் குமிழும் கூடவே சுழன்றால் பிலிம் நகர்கிறது.

வெளிச்சம்

உச்சி வெயில் கண்களுக்குக் கீழே கருநிழல் போடும். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் நல்லது. விறாந்தை ஓரத்தில் முற்றத்தைப் பார்த்தபடி அவர்களை இருத்தி, நீங்கள் முற்றத்தில் நில்லுங்கள். வெயில் படும் மணல் முற்றம் முகங்களுக்குக் கீழிருந்து மெல்லிய ஒளியைத் தரும்.

திறந்த நிழலில் ஐ.எஸ்.ஓ 400 பிலிமுக்கு எப் 8, 1/125 செக்கன் ஏறக்குறைய சரியாக இருக்கும். நான் எப் 5.6 வைத்து ஒரு ஸ்டொப் கூடுதலாக ஒளி கொடுப்பேன். நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும். குறைந்தால் நிழலில் இருக்கும் முகம் மங்கிப்போகும். வெள்ளைச் சுவரும் வெள்ளை வேட்டியும் ஒளிமானியை ஏமாற்றும். அப்படியான இடத்தில், அவர்கள் இருக்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, காட்டும் அளவை விட ஒரு ஸ்டொப் கூட்டுங்கள்.

இரண்டு வரிசையாக ஆட்கள் இருந்தால் எப் 8 வைத்து, முன்வரிசையின் கண்களில் போகஸ் செய்யுங்கள். ஓடித்திரியும் பிள்ளைகளுக்கு 1/250 செக்கனாவது வேண்டும்.

ஆட்கள்

முதலில் வயதானவரைக் கதிரையில் இருத்துங்கள். மற்றவர்கள் அவரைச் சுற்றித் தாங்களாகவே வந்து நிற்பார்கள். இங்கு மூத்தவர்கள் படம் என்றால் நிமிர்ந்து, சிரிக்காமல் இருப்பார்கள். அதைத் தடுக்க வேண்டாம். அவர்கள் விரும்பும் அந்தப் படத்தை முதலில் எடுங்கள். “சரி, முடிஞ்சுது” என்றதும் தோள்கள் தளரும், யாராவது பகிடி விடுவார்கள். அதற்குள் அடுத்த படத்துக்கு லீவரை இழுத்துத் தயாராக இருங்கள்.

“சிரியுங்கோ” என்று சொல்லாதீர்கள். கைகளுக்கு வேலை கொடுங்கள்: முருங்கையிலை உருவலாம், பூக் கட்டலாம், பேத்திக்குத் தலை பின்னலாம். அம்மம்மாவிடம் பழைய கதையொன்றைக் கேட்டால் அவர் கமராவை மறந்துவிடுவார். பெரிய குழுவில் யாராவது கண் மூடுவார்கள் என்பதால் அதே காட்சியை மூன்று தடவை எடுங்கள். தனியாக அவரவர் முகத்துக்கும் ஓரிரண்டு படங்களை ஒதுக்குங்கள். பின்னாளில் தேடப்படுவது அந்தப் படம்தான்.

எடுத்த பிறகு

சுருளை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாமல், தாமதிக்காமல் கழுவக் கொடுங்கள். நெகட்டிவ்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஈரக் காற்றில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். உறையில் இட்டு, சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். ஒரு பிரதி அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பெயர்களைச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.