செஞ்சி: கோட்டையும் மறைந்த நகரும்

தெ நொபிலி மதுரைக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1597இல், நிக்கோலாஸ் பிமெண்டா என்னும் யேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தார். நாயக்க மன்னர் கிருஷ்ணப்பர் அவரை வரவேற்றார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியதென்றும், போர்த்துக்கல் நாட்டிலும் லிஸ்பன் நீங்கலாக இத்துணைப் பெரிய நகர் இல்லையென்றும் அவர் எழுதினார். இன்று விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சியாக விளங்கும் செஞ்சியைக் காண்போர்க்கு இக்கூற்று வியப்பளிக்கும். அந்நகர் எங்கே மறைந்தது?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது இக்கோட்டை. ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேலுள்ள சிறு பாலத்தை அகற்றிவிட்டால் ஒரு சிலரே பெரும்படையைத் தடுத்து நிற்கலாம்.

எனினும் மதிலின் வலிமை ஒன்றே இதன் கதியை நிர்ணயிக்கவில்லை. 1677இல் சிவாஜி இதனைப் பீஜப்பூராரிடமிருந்து பெரும்போரின்றியே பெற்றார். அவர் மகன் ராஜாராம் இங்கு அடைக்கலம் புகுந்தபோது, மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுற்றது. தளபதியே வேண்டுமென்று காலந்தாழ்த்தினார் என்ற ஐயம் அன்றே எழுந்தது. கோட்டை வீழுமுன் ராஜாராமும் தப்பிவிட்டார். எட்டாண்டு தாங்கிய அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவில் கைப்பற்றினார்! 1761இல் ஆங்கிலேயர் கொண்டனர்.

நகரைத் தேயச் செய்தது பீரங்கி மட்டுமன்று என்பது எம் கருத்து. மொகலாயர் வெற்றிக்குப்பின் சில ஆண்டுகளிலேயே ஆட்சித் தலைமையிடம் ஆர்க்காட்டுக்கு மாறிற்று. அரசவை நீங்கிய ஊரில் சந்தை எத்துணைக் காலம் நிலைக்கும்?

இத்தனை அரசர்களுள் மக்கள் நெஞ்சில் நின்றவன், ஓராண்டும் முழுமையாக ஆளாத தேசிங்கு ராஜனே. தேஜ்சிங் என்னும் இப்புந்தேல இளைஞன், கப்பம் பற்றிய பிணக்கில், நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்து 1714இல் மடிந்தான். அவனுடைய முஸ்லிம் நண்பன் மணக்கோலத்தை விட்டெழுந்து வந்து உடன் உயிர்நீத்தான் என்று கதைப்பாடல் கூறும். வென்ற நவாபின் பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் உள்ளது. அவரைப் பற்றிப் பாடுவார்தாம் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. முன்னரே அதனை எழுப்பிய கோன் மரபினரும் நாயக்கரும் அத்தலைப்பில் இடம்பெறவில்லை. ஊரார்க்கோ அது இன்றும் தேசிங்கு ராஜன் கோட்டைதான்.