பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்

மலாயாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையேறும் சாலை 1931-இல்தான் தானா ராத்தாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னதாகவே, 1929-இல், ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ.பி. மில்ன் அவருக்குத் துணை. ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், மற்றதெல்லாம் மனிதக் கைகள். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கொழுந்து பறித்த அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழர்களுடையவை.

ஆட்கள் குடும்பத்தோடு லயம் எனும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவது யார் பொறுப்பு?

அதற்கு விடை கல்விச் சட்டத்தில் இல்லை, தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. குடிநீர், மருத்துவமனை, ஆயாக் கொட்டகை என்று தொழிலாளிக்குத் துரை செய்து தரவேண்டியவற்றின் வரிசையில் பள்ளியும் ஒன்றானது. ஆளைத் தோட்டத்தில் தக்கவைக்க ஆகும் செலவாகவே அது கணக்கில் ஏறியது. அதனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது அத்தாப்புக் கூரை வேய்ந்த ஒரே அறைதான். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அதற்குள்ளேயே அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முடிந்த பிறகு கிராணியோ கங்காணியோ வந்து பாடம் சொல்லிக் கொடுத்த இடங்களும் உண்டு.

அதே மலையில் வேறு விதமான பள்ளியும் எழுந்தது. சிங்கப்பூரில் தங்ளின் பள்ளியை நிறுவிய ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் 1934-இல் கேமரன் மலையில் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார். 1951-இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களின் பிள்ளைகளுக்கு ஸ்லிம் பள்ளியை அமைத்தது. அங்கெல்லாம் பிள்ளைகளின் படிப்பை மனத்தில் வைத்துத் திட்டமிட்டுப் பணம் போட்டார்கள். லயத்துப் பள்ளிக்கு அப்படி ஒரு திட்டம் இருக்கவில்லை.

மலையில் கட்டுவது சமவெளியில் கட்டுவது போன்றதல்ல. முதலில் சரிவை வெட்டி மேடை சமைக்க வேண்டும். பிறகு தடுப்புச் சுவர், மழைநீர் வடிய வாய்க்கால், அதற்குப் பிறகுதான் வகுப்பறை. சிமெண்டும் கம்பியும் வளைந்து வளைந்து லாரியில் மேலே ஏற வேண்டும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் பலகைச் சுவர் உளுத்துப்போகும், தகரம் துருப்பிடிக்கும். கட்டும் செலவோடு காக்கும் செலவையும் சேர்த்து ஒதுக்காத கட்டடம் அங்கே நெடுநாள் நிற்காது.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. ரசாக் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து தோட்டப் பள்ளிகள் தேசிய மாதிரிப் பள்ளிகளாயின. ஆசிரியர் சம்பளத்தையும் பாடத்திட்டத்தையும் அரசு ஏற்றது. நிலம் மட்டும் தோட்டத்தார் பெயரிலேயே நின்றது. தனியார் நிலத்தில் அரசு பொதுவாகத் தன் செலவில் முழுக் கட்டடம் எழுப்பியதில்லை. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே தங்கிப்போனதற்கு இதுவே பெரிய காரணம். கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் நன்கொடைப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது லயமும் பள்ளியும் சேர்ந்தே போயின. விடுதலை பெற்றபோது எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். துண்டாடலுக்கு எதிராக மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். நிலம் கையில் இருந்தால்தான் அதன்மேல் நிற்பதெல்லாம் நிலைக்கும் என்பதை அந்தத் தலைமுறை பட்டு அறிந்திருந்தது.

மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் செய்ததையும் இங்கே நினைக்க வேண்டும். 1947 ஆகஸ்டில் காந்தி மாளிகையில் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நிலத்தையும் பணத்தையும் முதலிலேயே ஒன்றாக ஒதுக்கியதால் அந்த வளாகம் வளர்ந்தது. கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளிகளுக்கு அப்படி ஒரு தொடக்கம் கிடைக்கவில்லை.

ஆனாலும் அவை நின்றன. ரப்பரைப் போலத் தேயிலை துண்டாடப்படவில்லை, போ தோட்டம் ரஸ்ஸல் குடும்பத்தின் கையை விட்டுப் போகவில்லை. இன்றும் போ தோட்டத்தின் பெயரில் இரண்டு தமிழ்ப்பள்ளிகள், சுங்கை பாலாஸ் பெயரில் ஒன்று, புளூ வேலி பெயரில் ஒன்று பட்டியலில் இருக்கின்றன. பள்ளிப் பலகையில் ‘லாடாங்’ என்று எழுதியிருக்கும். மலாயில் அதற்குத் தோட்டம் என்று பொருள். அந்தப் பள்ளி யார் மண்ணில் பிறந்தது என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடும்.

2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கிய தொகை ஐந்து கோடி வெள்ளி. சமமாகப் பங்கிட்டால் ஒரு பள்ளிக்கு ஒரு லட்சம்கூடத் தேறாது. மலைச்சரிவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பவே அது போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை நன்கொடைப் புத்தகம் வீட்டு வாசலுக்கு வரும்போது கொடுப்பதைக் கொடுங்கள். கூடவே பள்ளி நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அடுத்த பத்தாண்டுப் பழுதுபார்ப்புக்கு வாரியம் என்ன ஒதுக்கியிருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.