வாட் போ: கல்லில் எழுதிய மூட்டு வைத்தியம்

பாங்காக் நகரில், சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில், பழைய அரண்மனைக்குத் தெற்கே வாட் போ என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. 46 மீட்டர் நீளத்தில் கிடந்த கோலத்தில் இருக்கும் புத்தரைக் காணவே பெரும்பாலோர் அங்கே வருகிறார்கள். அதே வளாகத்தில் சிறு மண்டபச் சுவர்களில் 60 கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. மனித உடலின் முன்புறமும் பின்புறமும் அவற்றில் வரையப்பட்டு, எந்த வலிக்கு எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கோடுகளாலும் புள்ளிகளாலும் குறிக்கப்பட்டிருக்கிறது. வெளியே, செய்குன்றுகளின் மேல், காலை மடக்கியும் தோளை முறுக்கியும் அமர்ந்திருக்கும் முனிவர் சிலைகள் உள்ளன. பலகைகள் ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் சிகிச்சையைச் சொல்கின்றன. சிலைகள் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் பயிற்சியைக் காட்டுகின்றன. மூட்டு இறுக்கம், முதுகுவலி, உடல் அயர்வு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்தில்லாமல் கையாலும் அசைவாலும் தீர்வு தேடிய தாய்லாந்து மரபு இந்த இரண்டையும் ஒன்றாகவே வைத்து வளர்த்தது.

தொடக்கம்

தாய்லாந்தில் உடம்பு பிடித்துவிடும் கலைக்கு நுவாட் தாய் என்று பெயர். இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்கள் ஆதிகுருவாக ஜீவகரை வணங்குகிறார்கள். மகத நாட்டில் பிம்பிசாரன் அரசவையிலும் புத்தரின் சங்கத்திலும் வைத்தியராக இருந்தவர் என்று பாலி விநய நூல்கள் இவரைப் பற்றிக் கூறுகின்றன. இன்றும் வகுப்பு தொடங்குமுன் இவருக்குக் குரு வணக்கம் செய்வது வழக்கம். ஆனால் ஜீவகர் சயாமுக்கு, அதாவது பழைய தாய்லாந்துக்கு, வந்ததற்கோ, அவர் இந்தக் கலையை வகுத்ததற்கோ சான்று கிடையாது. வயலில் குனிந்து நாற்று நட்டு இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கு ஊரிலும் வீட்டிலும் செய்துவந்த கைமுறையே இதன் அடித்தளம். ஒவ்வோர் ஊரிலும் இதில் கைதேர்ந்தவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அவரைத் தேடிப் போவார்கள். அந்தக் கைமுறைக்கு விளக்கம் சொன்ன கோட்பாட்டில்தான் இந்தியத் தடம் இருக்கிறது.

உடல் மண், நீர், காற்று, தீ என்னும் நான்கு பூதங்களால் ஆனது. காற்று தன் வழியில் ஓடாமல் தேங்கினால் வலியும் இறுக்கமும் வரும் என்பது அந்தக் கோட்பாடு. காற்று ஓடும் வழிகளுக்குச் சென் என்று பெயர். அவற்றில் முதன்மையானவை பத்து. பத்தும் தொப்புளை ஒட்டித் தொடங்குகின்றன. அவற்றில் முதல் மூன்றின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா. தமிழ்ச் சித்தர் நூல்கள் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று குறிப்பிடும் நாடிகளே இவை. பெயர்கள் ஒன்றானாலும் பயன் வேறு. யோக நூல்களில் மூச்சையும் தியானத்தையும் சார்ந்திருந்த நாடிகள், சயாமில் கட்டைவிரலால் தொட்டு அழுத்த வேண்டிய தடங்களாயின. சித்த மருத்துவத்திலும் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உள்ளிட்ட ஒன்பது வகைக் கைமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. தொக்கணத்தில் எண்ணெய்க்கு முக்கிய இடம் உண்டு. தாய்லாந்து முறையிலோ தரையில் விரித்த மெத்தையில், உடுத்திய உடையோடு, எண்ணெய் இல்லாமலே பிடித்துவிடுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து இத்தகைய கருத்துகள் போன வழிகளில் தமிழகக் கடல்வழியும் ஒன்று. தென் தாய்லாந்தின் தகுவா பாவில் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவின் பெயரைச் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பாங்காக் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் திரியம்பாவாய் சடங்கில் திருவெம்பாவை ஓதும் மரபும் உண்டு. மருத்துவம் குறிப்பாக எந்த வழியே போயிற்று என்பதை இவை நிறுவவில்லை. இரு கரைகளுக்கும் இடையே நெடுங்காலம் போக்குவரத்து இருந்ததை மட்டும் உறுதி செய்கின்றன.

அயுத்தயா காலம்

1351 முதல் 1767 வரை சயாமின் தலைநகராக இருந்தது அயுத்தயா. 15ஆம் நூற்றாண்டில் திரைலோகநாத மன்னர் அரச ஊழியர்களின் படிநிலையை வகுத்தபோது, அரண்மனை வைத்தியப் பிரிவுகளில் ஒன்றாக உடம்பு பிடிப்போரின் பிரிவும் இடம்பெற்றது. அவர்களுக்குப் பதவியும் தரமும் நிர்ணயிக்கப்பட்டன. 1805இல் தொகுக்கப்பட்ட மூன்று முத்திரைச் சட்டத்தின் வழியாக இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது. உடம்பு பிடிப்பது பணிவிடையாக மட்டும் இல்லாமல் மருத்துவத்தின் ஒரு துறையாகவே மதிக்கப்பட்டதற்கு இது சான்று.

வெளியாரின் சாட்சியமும் உண்டு. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தூதராக 1687இல் சயாம் வந்த சிமோன் த லா லூபேர், 1691இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிடுகிறார். சயாமியர் நோயுற்றால் முதலில் இக்கலை அறிந்தவரிடம் உடம்பு முழுவதையும் பிடித்துவிடச் சொல்வார்கள் என்றும், பிடிப்பவர் நோயாளியின் மேலேறிக் காலால் மிதிப்பார் என்றும் அவர் எழுதினார். பிரசவ வலி குறையும் என்று கருவுற்ற பெண்கள் ஒரு குழந்தையைத் தங்கள் மேல் மிதிக்கச் சொல்வதாகவும் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் இது அரண்மனைக்குள் அடங்கிய கலையாக இருக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தது. நூலகங்களும் கோயில்களும் அழிந்தன. மருத்துவ ஏடுகளும் அவற்றோடு போயின. எஞ்சியது உயிர்பிழைத்த வைத்தியர்களின் நினைவிலும் சிதறிய சுவடிகளிலும் இருந்ததுதான்.

கல்லுக்கு வந்த அறிவு

1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா மன்னர், அங்கிருந்த பழைய போதாராம் கோயிலை, அதாவது இன்றைய வாட் போவை, புதுப்பித்து, மருத்துவக் குறிப்புகளைத் திரட்டி அங்கே வைக்கச் செய்தார். முனிவர் உருவங்களும் அப்போது களிமண்ணில் செய்யப்பட்டன. அவை நெடுநாள் நிலைக்கவில்லை.

அந்தப் பணியை முழுமையாக்கியவர் 1824 முதல் 1851 வரை ஆண்ட மூன்றாம் ராமா. அரியணை ஏறுமுன்பே, தோன்புரியில் தாம் புதுப்பித்த ராஜ ஓரோட் கோயிலில் மருத்துவக் கல்வெட்டுகளை வைத்தவர் இவர். வாட் போவின் பெரும் திருப்பணி 1830களின் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. வைத்தியர்கள் தங்கள் முறைகளை மகனுக்கோ நம்பிக்கையான சீடனுக்கோ மட்டும் சொல்லிக்கொடுத்த காலம் அது. ஒரு குடும்பம் அழிந்தால் அதன் வைத்தியமும் அழியும் என்பதை 1767 காட்டியிருந்தது. ஆகவே மன்னர் அறிஞர்களையும் அரண்மனை வைத்தியர்களையும் கூட்டி, தெரிந்தவற்றைத் தொகுத்து, கல்லில் வெட்டி, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி சுவரில் பதித்தார். மருத்துவம், வரலாறு, யாப்பு, இலக்கியம், பௌத்தம் எனப் பல துறைகளையும் சேர்ந்த கல்வெட்டுகள் அவை. தாய்லாந்தின் முதல் பல்கலைக்கழகம் என்று வாட் போவைச் சொல்வது இதனால்தான். அங்குள்ள 1,431 கல்வெட்டுகளை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

தமக்குத் தாமே

முனிவர் சிலைகளுக்கு ருசி தத் தோன் என்று பெயர். தன் உடலைத் தானே வளைத்துக்கொள்ளும் ரிஷி என்பது பொருள். மூன்றாம் ராமா 1836இல் இவற்றைத் துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வார்க்கச் செய்தார், மொத்தம் 80. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு செய்யுள் எழுதப்பட்டது. மன்னரும் இளவரசர்களும் துறவிகளும் அரசவைப் புலவர்களும் அவற்றை இயற்றினர். முனிவரின் பெயர், இருக்கை நிலை, அது தீர்க்கும் தொல்லை ஆகிய மூன்றையும் செய்யுள் சொல்லிவிடும். 1838இல் 80 நிலைகளும் படங்களோடும் செய்யுள்களோடும் ஒரு மடிப்புச் சுவடியில் எழுதிவைக்கப்பட்டன. சிலைகளில் பெரும்பாலானவை பின்னர் காணாமற்போயின. இன்று கோயிலில் சுமார் இரண்டு டஜன் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. மற்ற நிலைகளை அந்தச் சுவடி வழியாகத்தான் அறிய முடிகிறது.

செய்யுள்கள் பேசும் தொல்லைகள் எளியவை: கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம், முழங்கால் வலி, இடுப்பு வலி, கைகால் மரத்துப்போதல், நெஞ்சு அடைப்பு, மயக்கம், அயர்ச்சி. நிலைகளும் பெரும்பாலும் கடினமானவை அல்ல. விரல்களைக் கோத்துத் தலைக்கு மேல் உயர்த்தி நீட்டுவது, ஒரு காலை மடியில் வைத்துப் பாதத்தைப் பிடித்து இழுப்பது, முழங்காலைக் கையால் அழுத்தியபடி இடுப்பைத் திருப்புவது போன்றவை அவை. நீட்டும்போதே கையால் தன் தசையை அழுத்திக்கொள்வதும், மூச்சை இழுத்துச் சற்று நிறுத்தி விடுவதும் இதன் தனித்தன்மைகள். நெடுநேரம் அசையாமல் தியானத்தில் அமரும் துறவிகள் மூட்டு இறுக்கத்தைப் போக்கிக்கொள்ள இந்த அசைவுகள் தோன்றின என்பது மரபுவழி விளக்கம். முதுகில் கை எட்டாத இடத்தை அழுத்திக்கொள்ள வளைந்த மரக் கொக்கியைப் பயன்படுத்தும் வழக்கமும் வீடுகளில் உண்டு.

அரண்மனைப் பாணியும் நாட்டுப்புறப் பாணியும்

காலப்போக்கில் இரண்டு பாணிகள் பிரிந்து நின்றன. அரண்மனைப் பாணியில் மரியாதையே முதல் விதி. வைத்தியர் சற்றுத் தொலைவிலிருந்து முழங்காலால் நகர்ந்து வந்து வணங்கி, நாடி பார்த்த பின்பே கை வைப்பார். கட்டைவிரலும் கையும் மட்டுமே பயன்படும். தன் மூச்சு நோயாளி மேல் படாதபடி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கையை நேராக நீட்டி, எடையை மெல்ல ஏற்றி, சற்று நிறுத்தி, மெல்ல எடுப்பார்கள். நாட்டுப்புறப் பாணியில் முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் பயன்படும். நோயாளியின் உடலை இழுத்து, மடக்கி, முறுக்கி நீட்டுவதும் உண்டு. இன்று உலகெங்கும் தாய் மசாஜ் என்று அறியப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

இரண்டுக்கும் பொதுவான துணை ஒத்தடக் கிழி. இஞ்சி இனத்தைச் சேர்ந்த பிலாய்க் கிழங்கு, மஞ்சள், எலுமிச்சைப்புல், புளிய இலை, கற்பூரம், உப்பு முதலியவற்றை நசுக்கித் துணியில் முடிந்து, ஆவியில் சூடாக்கி, வலியுள்ள இடத்தில் ஒற்றுவார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இந்த ஒத்தடம் வழக்கமாகக் கொடுக்கப்பட்டது.

சரிவு

1888இல் பாங்காக்கில் சிரிராஜ் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதை ஒட்டி உருவான மருத்துவப் பள்ளியில் மேலை மருத்துவமும் மரபு மருத்துவமும் முதலில் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபு மருத்துவம் பாடத்திட்டத்திலிருந்து நீங்கியது. ஐந்தாம் ராமா காலத்தில், 1906இல், அரண்மனைப் பாணி நூலாகத் தொகுக்கப்பட்டாலும், சட்டம் வேறு திசையில் போயிற்று. 1923ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் உரிமம் இல்லாதோர் வைத்தியம் செய்வதைக் கட்டுப்படுத்தியது. 1936இல் வந்த சட்டம் நவீன மருத்துவத்தையும் மரபு மருத்துவத்தையும் இரு வகுப்புகளாகப் பிரித்து, மரபு வைத்தியரைப் பழைய ஏடுகளின் எல்லைக்குள் நிறுத்தியது. ஊர் வைத்தியர் பலர் தொழிலை விட்டனர்.

1960களிலும் 70களிலும் வேறொரு சேதம் நேர்ந்தது. வியட்நாம் போரை ஒட்டி தாய்லாந்தில் அமெரிக்கப் படைத்தளங்கள் அமைந்தபோது, மசாஜ் நிலையம் என்ற பெயர்ப்பலகையின் கீழ் பாலியல் தொழில் பெருகியது. 1966இல் இயற்றிய கேளிக்கை இடச் சட்டம் மசாஜ் நிலையங்களையும் கேளிக்கை இடங்களின் பட்டியலில் சேர்த்தது. கௌரவமான வைத்தியக் கலை சந்தேகத்துக்குரிய தொழிலாகப் பார்க்கப்பட்டது.

மீட்சி

அந்தக் காலத்திலும் மரபைத் தாங்கி நின்றது வாட் போதான். 1955இல் கோயில் வளாகத்தில் மரபு மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. கல்வி அமைச்சகத்தின் ஏற்பு பெற்ற முதல் மரபு மருத்துவப் பள்ளி இதுவே. 1982இல் மருத்துவப் பேராசிரியர் ஊவாய் கேதுசிங் ஆயுர்வேத வித்யாலயம் என்ற கல்லூரியைத் தொடங்கி, மறைந்துகொண்டிருந்த அரண்மனைப் பாணியைப் பாடமாக்கினார். 1985இல் தன்னார்வ அமைப்புகள் தாய் மசாஜ் மீட்புத் திட்டத்தைத் தொடங்கின. கூலியாட்களும் உழவர்களும் உடல்வலிக்கு வலிநிவாரணி மாத்திரைகளை அளவின்றி விழுங்கியதைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1993இல் பொதுச் சுகாதார அமைச்சகத்தில் மரபு மருத்துவத்துக்குத் தனி நிறுவனமும், 2002இல் தனித் துறையும் அமைந்தன. அரசு மருத்துவமனைகளில் பிடித்துவிடும் சிகிச்சையும் ஒத்தடமும் இடம்பெற்றன. ருசி தத் தோன் நிலைகளிலிருந்து 15 அடிப்படை நிலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொதுமக்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோருக்கும், சியாங் மாயில் பெண் கைதிகளுக்கும் இது வாழ்க்கைத் தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் பொகோட்டாவில் கூடிய யுனெஸ்கோ குழு நுவாட் தாயை மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

எல்லை

வாட் போப் பலகைகளின் சென் தடங்களை உடற்கூறியல் நரம்பாகவோ இரத்தக்குழாயாகவோ அடையாளம் காணவில்லை. இறுகிய தசை அழுத்தத்தாலும் நீட்டலாலும் தளர்வதும், மெல்லிய தொடுகையும் சீரான மூச்சும் மனப் பதற்றத்தைத் தணிப்பதும் நடைமுறையில் காணும் பயன்கள். அவற்றுக்கு எல்லை உண்டு. வீங்கிச் சிவந்து சூடான மூட்டு, எலும்பு முறிவு, காய்ச்சல், காலில் இரத்தக் கட்டு, எலும்பு மிகத் தேய்ந்த முதுமை ஆகியவை இருந்தால் அழுத்துவதும் முறுக்குவதும் தீங்கு விளைக்கும். தேய்ந்த குருத்தெலும்பைக் கைப்பிடி மீட்டுத் தராது. வலியையும் இறுக்கத்தையும் குறைத்து நடமாட்டத்தை எளிதாக்குவதே அதனால் கூடும். மருத்துவப் பாடத்திட்டத்திலிருந்து நீங்கியும், சட்டம் ஒதுக்கியும், பெயர் கெட்டும் இந்தக் கலை அழியாமல் இருந்ததற்கு முதல் காரணம், அதை ஒரு மன்னர் குடும்பச் சொத்தாக விடாமல் பொதுச் சுவரில் எழுதிவைத்ததே.